‘மொளகா?’ என்ற கேள்வியும் எங்கள் ஸ்டோர்ஸ் மாமியாரும்

1. இருமல்

கொழும்பிலிருந்து வந்த மேடம்தான் முதலில் தும்மினார். அடுத்து லொறிக்குள் நின்ற இரண்டு பேர். மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“பெப்பர் ரொம்ப ஸ்ட்ராங் நே? குட், குட்.”

முதலாளியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நானும் முப்பத்திரண்டு பல்லையும் காட்டினேன். எங்கள் ஸ்டோர்ஸின் தலையெழுத்தை முடிவு செய்ய வந்தவர், எங்கள் மிளகைப் பாராட்டித் தும்முகிறார். இதைவிட என்ன வேண்டும்?

அப்போதுதான் ஃபோக்லிஃப்டில் உட்கார்ந்திருந்த தேவிகா அக்கா இரும ஆரம்பித்தார். சும்மா இருமல் இல்லை, குடல் வெளியே வருகிற மாதிரி இருமல். கண்ணெல்லாம் தண்ணீர். நடுவில் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, மொளகுக்குத் தும்மல்தான் வரும். இது தொண்டைய எரிக்குது. இது வேற என்னமோ.”

“என்னக்கா சொல்றீங்க? எல்லாம் சரின்னுதான் காட்டுது.”

“காட்டுறது இருக்கட்டும். ஒனக்கு மூக்கு இருக்குல்ல? இல்லாட்டி கேம்பஸ்ல கழட்டி வாங்கிட்டுத்தான் அனுப்புனாங்களா?”

மோந்து பார்த்தேன். தொண்டைக்குள் தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது.

கொச்சிக்காய்! காய்ந்த, சிவந்த, சுத்தமான கொச்சிக்காய். மிளகு ஏற வேண்டிய லொறியில் கால்வாசிக்குக் கொச்சிக்காய் ஏறி உட்கார்ந்திருக்கிறது. என் கையிலிருந்த டெப்பின் திரையில் எல்லா வரியும் பச்சை. சரி, சரி, சரி என்று மின்னிக்கொண்டிருக்கிறது.

ஒரு நிமிடம். கொச்சிக்காய் என்றால் மிளகாய். எங்கள் ஸ்டோர்ஸில் மிளகாயை மிளகாய் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள், கொச்சிக்காய்தான். இந்த ஒரு விஷயத்தை மண்டையில் போட்டு வையுங்கள். முழுக்கதையும் இதில்தான் தொங்குகிறது.

வேர்ஹவுஸ் வேலைக்கு வரப்போகிற தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் பெரிய சர்வீஸ் கிடையாது. ரிட்டயர் ஆக இன்னும் ஒரு யுகம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு காலையில் நான் பார்த்ததை எந்த லெக்சர் ஹோலிலும் யாரும் காட்டவில்லை. ஆகவே கேளுங்கள்.

2. மாமியார் வந்த கதை

எங்கள் ஸ்டோர்ஸ் பலாபத்வலயில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. மாத்தளைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வீட்டுத் தோட்டங்களிலிருந்தும் வரும் மிளகு, கராம்பு, கறுவாப் பட்டை, சாதிக்காய் எல்லாம் இங்கே வந்து சேரும். இங்கிருந்து கொழும்புக்கு, அங்கிருந்து கப்பலுக்கு.

எனக்கு இங்கே வேலை கிடைத்ததும் அம்மாவிடம் சொன்னேன், “ஸ்டோர்ஸ்ல வேலை.”

“என்னாது, ஸ்டோருலயா? இவ்வளவு படிச்சிட்டுக் கொழுந்து அரைக்கவா போற?”

எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலை ஃபெக்டரி. அம்மாவுக்கு வேர்ஹவுஸ் என்பதை விளங்க வைக்கவே எனக்கு ஒரு ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. “சாமானைப் பத்திரமா வெச்சிருந்து கேக்கும்போது எடுத்துக் குடுக்கிறதாம்மா” என்றேன். “அதுக்கு எதுக்கு டிகிரி? அத நான் அலுமாரிய வெச்சே செய்றேனே” என்றார். நியாயம்தான்.

நான் போனபோது எங்கள் ஸ்டோர்ஸும் அம்மாவின் அலுமாரி மாதிரிதான் இருந்தது. மிளகு சுவர்ப் பக்கம். கராம்பு ஜன்னல் பக்கம். கறுவா உள்ளே. அவரவர் இடம் அவரவருக்கு, உலகம் அழிந்தாலும் மாறாது. கராம்பு அடுக்கும் ராக்கைகள் காலியாகக் கிடக்கும். பக்கத்தில் மிளகு மூட்டைகள் நடைபாதையில் படுத்திருக்கும். ஏனென்றால் அது ‘கராம்போட எடம்’. ஓடர் மாறினால் அவ்வளவுதான். நசீர் நானா மாடிக்கு ஓடுவார், ஒருவர் டைப் பண்ணுவார், பேப்பர் கீழே வரும். அதற்குள் பழைய ஓடரில் பாதி லொறியில் ஏறியிருக்கும்.

நசீர் நானா எங்கள் ஃப்ளோர் சுப்பர்வைசர். மாத்தளை டவுன்காரர்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அவருக்கு முழங்கால் வலி வந்ததே இந்த மாடிப்படியால்தான் என்று கொம்பனி மேல் இன்றுவரை குற்றம் சாட்டுகிறார்.

நான் வந்த கொஞ்ச நாளில் முதலாளி ஒரு சிஸ்டம் வாங்கினார். அதை ஓட்டுவதற்குத்தான் என்னை எடுத்ததே. கொழும்பில் இருக்கும் ஒரு சின்ன சொஃப்ட்வேர் டீம் செய்து கொடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, செம சாமான்! யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. எங்கே காலியோ அங்கே வைக்கச் சொல்லும், வைத்ததை மறக்காது. சீக்கிரம் போகப்போகிற சரக்கை வாசல் பக்கம் வைக்கும், தூங்கப்போகிற சரக்கை உள்ளே தள்ளும். ஓடர் மாறினால் அந்த நொடியே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வேலையை மாற்றிப் பிரிக்கும்.

எல்லாவற்றையும்விட மேலே ஒன்று: அது பேசும். எல்லார் காதிலும் ஒரு ஹெட்செட். “மிளகு. ராக்கை ஏழு. இரண்டு பலட்” என்று ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழில் சொல்லும்; பலட் என்றால் மூட்டைகளை அடுக்கி ஃபோக்லிஃப்டில் தூக்கும் மரத்தட்டு. நாமும் அதனிடம் பேசலாம்.

முதல் நாளே தேவிகா அக்கா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏன்க்கா?”

“காலையில வீட்ல ஒருத்தி அத எடு, இத வையின்னு காதுல ஓதுறா. இங்க வந்தா இவ. ஒரு மனுசிக்கு எத்தன மாமியா?”

அன்றிலிருந்து சிஸ்டத்தின் பெயர் மாமியார். முதலாளிகூட அப்படித்தான் சொல்கிறார். “புள்ள, மாமியா இன்னைக்கு என்னா சொல்றா?” என்பார் காலையில் வந்ததும்.

இந்த மாமியாருக்கு நான் ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தேன். என் சொந்த ஐடியா, பெருமையாகவே சொல்கிறேன். மாடிக்கு ஓடாமல், ஃப்ளோரிலிருந்தே ஓடரைத் திருத்தலாம். ஹெட்செட்டில் சரக்கின் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் ஒருவர் சொன்னால் எடுக்காது. இரண்டு பேர் அடுத்தடுத்து அதே பெயரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் உளறல், இருவர் சொன்னால் உத்தரவு. நசீர் நானாவின் முழங்காலுக்கு அன்றிலிருந்துதான் விடுதலை.

3. ரிசெப்ஷன் ஹோல்

எல்லாம் நன்றாகத்தான் போனது, முதலாளி அந்த வார்த்தையைச் சொல்லும்வரை.

“இந்த எடத்தக் கல்யாண ரிசெப்ஷன் ஹோலுக்குக் கேக்குறாங்க” என்றார். “ரோட்டுக்குப் பக்கம், வாகனம் நிப்பாட்ட எடம், நல்ல கூரை. சரக்கெல்லாம் குருநாகல் பக்கம் பெரிய ஸ்டோர்ஸுல போட்டா நமக்குச் செலவு கம்மி. ஆனா...” கொஞ்சம் இழுத்தார். “கொழும்பு மேடத்தோட கொன்ட்ராக்ட் கெடைச்சா இங்கேயே ஓட்டலாம். அவங்க ஒரு நாள் வந்து வேலையப் பாக்கணுமாம். ஓடர் குடுத்து ஏத்திக் காட்டச் சொல்றாங்க. நடுவுல ஓடர மாத்தவும் செய்வாங்களாம்.”

மேடம் ஒரு ஏற்றுமதிக் கொம்பனியின் ஆள். அவர்களுக்குக் கப்பலில் இடம் கடைசி நேரத்தில் கூடும், குறையும். அதற்கேற்ப ஆடத் தெரிந்த ஸ்டோர்ஸ்தான் வேண்டும். ஆடத் தெரியாத ஸ்டோர்ஸில் இனி மற்றவர்கள் கல்யாணத்துக்கு ஆடுவார்கள்.

எனக்குப் பிரச்சினை இல்லை. எனக்கு வேறு வேலை கிடைக்கும், கொஞ்சம் தலைக்கனத்தோடேயே சொல்கிறேன். தேவிகா அக்காவுக்குத்தான்.

தேவிகா அக்கா இதே ஸ்டோர்ஸில் சாக்குத் தைக்க வந்தவர். தையல் ஊசியை வைத்துக்கொண்டு ஃபோக்லிஃப்டையே பார்த்துக்கொண்டிருப்பாராம். பிறகு கேட்டார், சண்டை போட்டார், பழகினார், லைசன் எடுத்தார். அந்த மெஷினுக்கு யானை என்று பெயர் வைத்தது அவர்தான். பொட்டு வைத்திருக்கிறார் அதற்கு.

“குருநாகலுக்குப் போனா யானை குடுக்க மாட்டானுங்களாக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கா? போன ஒடனே ‘அக்கா, இந்தாங்க ஊசி’ம்பானுங்க. பொம்பள யானை ஓட்டுறத நம்ப ஒரு முதலாளிதான் இருந்தாரு நாட்டுலேயே. அவரும் ஹோல் கட்டப் போறாரு.” கொஞ்சம் நிறுத்தி, “கல்யாண வீட்டுல நான் என்னா செய்றது? பொண்ணு மாப்பிளைய யானையில தூக்கி மேடையில வைக்கவா?” என்றார்.

சிரித்தோம். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் யானையைத் துடைத்த துடைப்பைப் பார்த்தால் சிரிப்பு வராது.

4. மேடம் போட்ட குண்டு

அந்த நாள் வந்தது. மேடம் காலையிலேயே வந்துவிட்டார். லொறியும் வந்து வாசலில் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. மத்தியானத்துக்குள் ஏற்றி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பில் கன்டெய்னர் மூடிவிடுவார்கள்.

ஓடர்: மிளகும் கராம்பும். மாமியார் பேச ஆரம்பித்தார், யானை ஓட ஆரம்பித்தது. என்ன ஒரு அழகு! ஒருவர் மேல் ஒருவர் மோதவில்லை, ஒருவரும் யாரையும் தேடவில்லை, கத்தல் இல்லை. மேடம் ஒரு ஓரமாக நின்று ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார். நோண்டிக்கொண்டே குண்டைப் போட்டார்.

“மிஸ், நான் இப்ப ஓடர் மாத்தினது. கராம்பு வேணாம். அதுக்குப் பதில் எல்லாம் பெப்பர்.”

அவர் ஃபோனிலிருந்து போட்ட மாற்றம் நேரே மாமியாருக்குப் போனது. அடுத்த மூச்சில் எல்லார் காதிலும் குரல் வந்தது: “கராம்பு நிறுத்தம். பதிலாக மிளகு.”

நான் மாடிக்கு ஓடிப்போய் ஸ்க்ரீனைப் பார்த்தேன். ஒரே ஒரு கண் சிமிட்டல். ஸ்க்ரீன் முழுக்கக் கோடுகள் மாறின, ஆட்கள் மாறினார்கள், வழிகள் மாறின. “சரி” என்றது மாமியார். நான் கீழே இறங்கி வருவதற்குள் யானை திரும்பியிருந்தது. வாசல் பக்க ராக்கையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பலட்டுகள் பறந்தன. மேடம் புருவத்தை உயர்த்தினார்.

“அய்யோ, இவ்வளவு ஸ்பீடா?”

“அதுதான் மேடம் எங்க சிஸ்டம்” என்றேன். அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள், கழுத்தில் ஒரு மாலை மட்டும்தான் குறை!

ஸ்பீடுக்குக் காரணம் இருந்தது. அந்தப் பலட்டுகள் முந்தின நாள் பின்னேரம்தான் தம்புள்ளைப் பக்கமிருந்து புதிய வாடிக்கையாளர் ஒருவருடைய சரக்காக வந்திருந்தன. சீக்கிரம் போகிற சரக்கு என்று மாமியார் அவற்றை வாசலிலேயே வைத்திருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றி, மேலே கோடு போட்ட ஸ்டிக்கர் மட்டும். எங்கள் ஸ்டோர்ஸுக்கு முதல் முதலாக வந்த கொச்சிக்காய்.

ஒரு பலட்டின் மூலை கிழிந்தது. மேடம் தும்மினார்.

5. கேட்டேன், சொல்லவில்லை

இப்போது இருமல் நேரத்துக்குத் திரும்பி வருகிறோம்.

முதலாளி என் கையைப் பிடித்து ஒதுக்கினார். குரல் கீழே போயிருந்தது.

“புள்ள, மேடத்த மேல கூட்டிட்டுப் போயி பிளேன்டி குடு. கறுவா போட்டுக் குடு. பேசிக்கிட்டே இரு. நான் அதுக்குள்ள எறக்கிர்றேன்.”

“எவ்வளவு நேரம் பேசுறது?”

“ஒன்னால முடியாதா? நீ வாய மூடி நான் பாத்ததே இல்லையே!”

உண்மைதான். ஆனால் மேடம் வந்திருப்பதே கோளாறு வந்தால் என்ன செய்கிறோம் என்று பார்க்கத்தான். டீக் கோப்பைக்குப் பின்னால் ஒளிக்க முடியாது. நான் நேரே போனேன்.

“மேடம், நீங்க தும்முனது பெப்பருக்கு இல்ல. இது ட்ரை சில்லி. எங்க சிஸ்டம் மாத்தி ஏத்திருச்சி. ஏன்னு இன்னும் தெரியல. கண்டுபிடிச்சித் திருத்துறோம்.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மேடம் கைக்குட்டையைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

“லொறி போற நேரம் மாறாது நே?” என்றார். அவ்வளவுதான். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு லொறியில் சரக்கு ஏற்றும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் டெப்பில் ஓடரின் வரலாற்றைத் திறந்தேன். அதில் தெளிவாக இருந்தது: மிளகுக்குப் பதில் மிளகாய் என்று திருத்தம். உறுதி செய்தவர்கள் இரண்டு பேர். நசீர், தேவிகா.

ஆகவேதான் எல்லாம் பச்சை! ஓடரே மிளகாய் என்று மாறிவிட்டது, ஏறுவதும் மிளகாய். மாமியாருக்கு எதிலும் குறை தெரியவில்லை. தப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தப்பாக இருந்தால் பச்சை விளக்குதான் எரியும்.

“நானா, தேவிகாக்கா, இங்க வாங்க! யாரு கொச்சிக்கா ஏத்தச் சொன்னது?”

“கொச்சிக்காயா?” நசீர் நானா நெஞ்சில் கை வைத்தார். “அல்லாஹ் மேல ஆணையா நான் சொல்லல்ல மகள். கொச்சிக்காங்கிற பேச்சே என்ட வாயில வரல்ல.”

“நானும் சொல்லல” என்றார் தேவிகா அக்கா. “பழிய எங்க மேல போடாத. பலட்டு லேசா இருக்கேன்னு நெனச்சேன், யானைக்குப் பலம் வந்திருச்சின்னு சந்தோசப்பட்டேன், அவ்வளவுதான்.”

“ரெண்டு பேரும் சொன்னதா இங்க இருக்குதே!”

“மெசின நம்புவ, மனுசிய நம்பமாட்டியா?”

நியாயமான கேள்வி. நான் மூச்சை இழுத்துவிட்டேன்.

“சரிக்கா. மொதல்லேர்ந்து சொல்லுங்க. மேடம் ஓடர மாத்துனதும் மாமியா என்னா சொன்னா?”

“கராம்ப நிப்பாட்டு, மொளகு ஏத்துன்னா.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்றது? ஒண்ணும் சொல்லல. கேட்டேன். திடீர்னு மாத்துனா கேக்க மாட்டோமா?”

“என்னான்னு கேட்டீங்க?”

“மொளகான்னு கேட்டேன்.”

“நானும் அதத்தான் மகள் கேட்ட. ‘மொளகா?’ எண்டு.”

தேவிகா அக்காவின் கழுத்தில் தொங்கிய ஹெட்செட்டிலிருந்து குரல் தெளிவாகக் கேட்டது: “சரி. மிளகாய். இன்னும் ஒரு பலட்.”

மூன்று பேரும் அந்த ஹெட்செட்டைப் பார்த்தோம்.

“வாய மூடுங்க ரெண்டு பேரும்!” என்று அலறினேன். “இனி ஒரு வார்த்த பேசாதீங்க!”

“நான் என்னாடி பண்ணேன்?” தேவிகா அக்கா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். “மொளகான்னு கேக்காம, மொளகுவான்னா கேக்க முடியும்?”

முடியாது! தமிழில் முடியவே முடியாது! மிளகு என்ற சொல்லோடு கேள்வி ‘ஆ’ சேர்ந்தால் மிளகா. அதை எங்கள் வாயில் போட்டால் மொளகா. ‘இது மிளகா?’ என்று கேட்டாலும் ‘மிளகாய்’ என்று சொன்னாலும் காதில் விழுவது ஒன்றே. கராம்பா என்று கேட்டால் கராம்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. சாதிக்காயா, கறுவாவா, ஒன்றும் பிரச்சினையில்லை. மிளகு மட்டும்தான் கேள்வி கேட்டால் வேறு சரக்காகிவிடுகிறது.

இவ்வளவு நாளும் தனித்தனியாக ஒருவர் கேட்டிருப்பார், அது உளறலில் போயிருக்கும். அதுவுமில்லாமல் ஸ்டோர்ஸில் மிளகாய் இருந்ததேயில்லை. நேற்றுச் சரக்கு வந்தது, இன்று ஓடர் மாறியது, ஆச்சரியத்தில் இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். உளறல் உத்தரவாகிவிட்டது. மிளகாயைக் கொச்சிக்காய் என்றே சொல்லிப் பழகிய இவர்களுக்கு, தங்கள் வாயில் மிளகாய் வந்தது தெரியவே தெரியாது; மாமியார் ‘மிளகாய்’ என்று திருப்பிச் சொன்னதையும் ‘மிளகு’ என்றே கேட்டிருக்கிறார்கள். மாமியாருக்கோ கொச்சிக்காய் என்ற வார்த்தையே தெரியாது. அது செய்தி வாசிக்கிற தமிழ் படித்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். சத்தியமாக. லொறி நிற்கிறது, வேலை போகப்போகிறது, நான் துள்ளிக் குதிக்கிறேன். காரணம் தெரிந்துவிட்டதே! மேடத்திடம் ஓடிப்போய் மூச்சுவாங்கச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது.

“எங்களுக்கும் இருக்கு நே! சில்லிக்கு மிரிஸ், பெப்பருக்கு கம்மிரிஸ். சின்ன வயசுல அம்மா கம்மிரிஸ் வாங்கச் சொல்லி, நான் மிரிஸ் வாங்கிட்டுப் போய், நல்லா அடி வாங்கினது.”

“அப்ப ஒங்களுக்கு விளங்குது மேடம்.”

“விளங்குது. ஆனா லொறி?”

6. யானை வெறுங்கையோடு திரும்பவில்லை

சரக்குப் பட்டியலில் ‘மிளகாய்’ என்ற பெயர் சொஃப்ட்வேரோடு வந்தது. அதை அழித்தேன். அந்த இடத்தில் ‘கொச்சிக்காய்’ என்று அடித்தேன். இவ்வளவுதான் வேலை! பட்டியலில் இருக்கும் பெயர்களை வைத்துத்தான் மாமியார் காதில் விழுவதைப் பொருத்திப் பார்க்கும். மிளகாய் என்று ஒன்றே இல்லாவிட்டால் ‘மொளகா’ எங்கே போய் ஒட்டும்?

“எல்லாரும் சத்தம் போடாதீங்க. தேவிகாக்கா, இப்ப கேளுங்க.”

“என்னத்தக் கேக்க? இப்பத்தான வாய மூடச் சொன்ன?”

“அக்கா!”

தேவிகா அக்கா ஹெட்செட்டை மாட்டினார். தொண்டையைச் செருமினார். கோயிலில் தேங்காய் உடைக்கப் போகிற மாதிரி ஒரு முகம்.

“மொளகா?”

நசீர் நானா பின்னாலேயே, “மொளகா?”

ஒரு நொடி. முதலாளி ஏதோ சாமி பேரை முணுமுணுத்தார்.

“சரி. மிளகு. ராக்கை ஏழு.”

கத்தினோம். லொறி டிரைவரும் எதற்கென்றே தெரியாமல் ஹோர்ன் அடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தம்பி தங்கச்சிகளே, நான் இன்றுவரை எல்லாருக்கும் சொல்லித் திரிகிற காட்சி. பழைய முறையில் என்றால், ஏற்றியதை எல்லாம் முதலில் இறக்கி, ‘அதோட எடத்துக்கு’ கொண்டுபோய் வைத்து, வெறுங்கையோடு திரும்பி வந்து, பிறகு மிளகை எடுத்து ஏற்றியிருப்போம். பொழுது சாய்ந்திருக்கும்.

மாமியார் அப்படி நினைக்கவில்லை. அதற்கு ‘அதோட எடம்’ என்று ஒன்று கிடையாதே! லொறியிலிருந்து ஒரு பலட் கொச்சிக்காய் இறங்கும். ராக்கை ஏழுக்குப் போகிற வழியில் எந்த இடம் காலியோ அங்கே வைக்கச் சொல்லும். வைத்துவிட்டு நாலு அடி தள்ளி மிளகை எடு. அதை லொறியில் வை. அடுத்த கொச்சிக்காயை எடு. போகும்போதும் பாரம், வரும்போதும் பாரம். யானை ஒரு தடவைகூடச் சும்மா ஓடவில்லை.

உள்ளே ஒரு பாதையில் கிழிந்த மூட்டையின் தூள் பறந்து ஆட்கள் நிற்க முடியாமல் போனது. நசீர் நானா ஹெட்செட்டில், “இந்தப் பக்கம் வராதீங்க, கண்ணு போகுது” என்று சொல்லிப் பாதையை மூடினார். அடுத்த பலட்டுக்கே வழி மாறிவிட்டது. சுற்றிப் போகவைத்தது. யாரும் மாடிக்கு ஓடவில்லை!

தேவிகா அக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு யானையை ஓட்டினார். கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணில் இருந்தது பயமில்லை, வேகம். திருப்பத்தில் ஹோர்ன், ஏற்றத்தில் ஹோர்ன். நடுவில் என்னைத் தாண்டும்போது கத்தினார்:

“ஹோலு கட்டுறாங்களாம் ஹோலு! வரச் சொல்லு பாப்போம்!”

கடைசிப் பலட் ஏறியது. கதவு மூடியது. லொறி மெயின் ரோட்டில் திரும்பி மறையும்வரை எல்லாரும் வாசலிலேயே நின்றோம். நேரம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது.

7. கம்மிரிஸ்த?

மேடம் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். முதலாளிக்கு வியர்த்துக்கொட்டியது. மேடம் தேவிகா அக்காவிடம் கையை நீட்டினார்.

“அத கொஞ்சம் தாங்க.”

ஹெட்செட்டை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்: “கம்மிரிஸ்த?”

மிளகா என்று சிங்களத்தில் கேட்கிறார். மாமியார் பேசவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அமைதி.

“இவங்களுக்கு சிங்களம் தெரியாது நே?” என்று கழற்றிக் கொடுத்தார். “படிச்சிக் குடுங்க, மிஸ். அடுத்த மாசம் எங்க ஆளுங்க மூணு பேர் இங்க வேலைக்கு வருவாங்க. அவங்களுக்குத் தமிழ் வராது.”

சொல்லிவிட்டு வாகனத்தை நோக்கி நடந்தார். முதலாளி பின்னால் ஓடினார், நின்றார், எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“புள்ள... அவங்க ஆளுங்க இங்க வருவாங்கன்னா...”

“ஆமா முதலாளி.”

“அப்ப ஹோலு?”

“ஹோல வேற எங்கயாவது கட்டச் சொல்லுங்க” என்றார் தேவிகா அக்கா, யானையின் பொட்டிலிருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே.

அடுத்து வந்த நாட்களில் நான் ஃபோனில் ஃப்ளோரைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லார் பேச்சையும் அவர்கள் சம்மதத்தோடு பிடித்தேன். யார் எப்படிக் கேட்கிறார்கள், எப்படி இழுக்கிறார்கள், எப்படித் திட்டுகிறார்கள். திட்டுத்தான் அதிகம். எல்லாவற்றையும் கொழும்பு டீமுக்கு அனுப்பினேன். கேள்வியைக் கேள்வியாக எடுக்க வேண்டும், கேட்டால் திருத்தக் கூடாது, பதில் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். சிங்களமும் சேர்த்து.

நீங்கள் இந்த வேலைக்கு வரும்போது யாராவது உங்களிடம் ‘ஸ்மார்ட் சிஸ்டம்’ என்று பெரிதாகச் சொல்வார்கள். நல்லதுதான், நானும் சொல்கிறேன், எனக்கு அதன்மேல் பைத்தியம். ஆனால் வாங்கிய அன்றே ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு ஃப்ளோருக்குப் போங்கள். மாடியில் உட்கார்ந்து சுத்தத் தமிழில் டெஸ்ட் பண்ணாதீர்கள். உத்தரவு போடும்போது எல்லாரும் ஒரே மாதிரித்தான் பேசுவார்கள். சந்தேகம் வரும்போதுதான் ஊர்ப் பேச்சு வெளியே வரும். சந்தேகத்தைச் சந்தேகமாகக் கேட்கத் தெரிந்த மெஷின்தான் வளைந்து கொடுக்கும். மற்றதெல்லாம் வேகமாகத் தப்புச் செய்யும் மெஷின்.

புதிய குரல் வந்த அன்று காலையில் தேவிகா அக்கா வழக்கம்போல யானையில் ஏறினார். “மிளகு. ராக்கை மூன்று” என்றது ஹெட்செட். அக்கா பழக்கத்தில் கேட்டார்.

“மொளகா?”

“ஆமா, மிளகுதான்.”

யானை அப்படியே நின்றது. தேவிகா அக்கா ஹெட்செட்டைக் கழற்றி உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்:

“தங்கச்சி! இதுக்கு மாமியான்னு பேரு வெச்சது தப்புடி! நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து ஒரு கேள்விக்கும் எனக்கு இப்படி மரியாதையா பதில் வந்ததில்ல!”